கேள்வித்தாளுக்கு வெளியே கொடுக்காத எண்

எம்.காம்., எம்.பி.ஏ. வகுப்புகளில் நிதிப் பிரிவு எடுத்துப் படித்தவர்கள் இந்தக் கேள்வியைப் பார்க்காமல் வெளியே வந்திருக்க முடியாது. “அ என்ற பங்கின் திட்டவிலக்கம் 20 சதவீதம். ஆ என்ற பங்கின் திட்டவிலக்கம் 30 சதவீதம். முதலீட்டாளர் தன் பணத்தில் 60 சதவீதத்தை அ-விலும் 40 சதவீதத்தை ஆ-விலும் போடுகிறார். இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு 0.3. போர்ட்ஃபோலியோவின் ரிஸ்க்கைக் கணக்கிடுக.” போர்ட்ஃபோலியோ என்பது முதலீடுகளின் தொகுப்பு. திட்டவிலக்கம் என்பது வருமானம் தன் சராசரியைச் சுற்றி எவ்வளவு ஆடுகிறது என்பதன் அளவு. ஒட்டுறவுக் கெழு என்பது இரண்டு பங்குகள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று காட்டும், மைனஸ் 1 முதல் 1 வரையான எண். சூத்திரம் தெரிந்தவருக்கு ஐந்து நிமிட வேலை. விடை 19.35 சதவீதம். முழு மதிப்பெண்.

இந்தக் கணக்கை நான் மாணவனாகப் போட்டிருக்கிறேன், பிறகு பல வருடம் கரும்பலகையில் போட்டுக் காட்டியும் இருக்கிறேன். விடையில் ஒரு அழகு இருக்கிறது. இரண்டு பங்குகளில் அமைதியானதே 20 சதவீதம் ஆடுகிறது. அதோடு இன்னும் அதிகமாக ஆடும் ஒன்றைச் சேர்த்த பிறகு மொத்த ஆட்டம் கூடத்தானே வேண்டும்? குறைந்திருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் சாய்வதில்லை என்பதால் ஒன்றின் ஆட்டத்தில் ஒரு பகுதியை மற்றது தாங்கிக்கொள்கிறது. ‘எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்காதே’ என்று ஊர் சொன்னதற்கு ஓர் அளவுகோல் கிடைத்த இடம் இது.

சரி, இப்போது அதே கணக்கில் கடைசி எண்ணை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒட்டுறவு 1 என்றால் விடை 24 சதவீதம். 0.8 என்றால் 22.8. பூஜ்யம் என்றால் 17. மைனஸ் 1 என்றால் ரிஸ்க்கே இல்லை, பூஜ்யம். பங்குகளையும் தொடவில்லை, 60-40 பிரிப்பையும் தொடவில்லை. ஒரே ஒரு எண் விடையை 24-இலிருந்து பூஜ்யம் வரை இழுத்துக்கொண்டு போகிறது. அந்த எண்ணைத்தான் கேள்வித்தாள் முதல் நான்கு வரிக்குள்ளேயே கையில் கொடுத்துவிடுகிறது. வெளியே யாரும் கொடுக்கப் போவதில்லை.

என் கட்சி இதுதான்: போர்ட்ஃபோலியோ பாடத்தில் கணக்குப் போடுவது சுலபமான பாதி. அந்த எண் எங்கிருந்து வருகிறது, அதை எவ்வளவு நம்பலாம், எந்த நாளில் அது கைவிடும் என்பதுதான் கடினமான பாதி. நம் வகுப்புகளில் பெரும்பாலான நேரம் சுலபமான பாதிக்கே போய்விடுகிறது.

இந்தப் பாடத்தின் பிறப்பே ஒரு நூலகத்தில் நடந்தது. 1950-களின் தொடக்கத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஹாரி மார்கோவிட்ஸ், பங்குகளின் மதிப்பைக் கணக்கிடுவது பற்றிப் படித்துக்கொண்டிருந்தார். எதிர்பார்க்கும் வருமானம் ஒன்றுதான் முக்கியம் என்றால், அதிக வருமானம் தரும் ஒரே பங்கில் மொத்தப் பணத்தையும் போட்டுவிடலாமே, ஏன் யாரும் அப்படிச் செய்வதில்லை என்று அவருக்குத் தோன்றியது. மக்கள் வருமானத்தோடு ஆட்டத்தையும் பார்க்கிறார்கள் என்பது விடை. 1952 மார்ச்சில் ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஸ் இதழில் 15 பக்கக் கட்டுரையாக அது வந்தது. முனைவர் பட்டத் தேர்வில் பொருளாதாரப் பேராசிரியர் மில்டன் ஃப்ரீட்மன், இது பொருளாதாரமே இல்லை, இதற்கு எப்படிப் பட்டம் தருவது என்று வாதிட்டதை மார்கோவிட்ஸ் பின்னாளில் தன் நோபல் உரையில் நினைவுகூர்ந்தார். 1990-இல் வில்லியம் ஷார்ப், மெர்டன் மில்லர் இருவரோடும் அந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அவருடைய முறையை 2 பங்குகளுக்குப் போடுவது பரீட்சை. தேசியப் பங்குச்சந்தையின் குறியீடான நிஃப்டியில் உள்ள 50 பங்குகளுக்குப் போட வேண்டும் என்றால் என்னென்ன தேவை என்று பார்ப்போம். 50 சராசரி வருமானம், 50 திட்டவிலக்கம், அப்புறம் ஒவ்வொரு ஜோடிக்கும் ஓர் ஒட்டுறவு. 50 பங்குகளில் 1,225 ஜோடிகள். ஆக மொத்தம் 1,325 எண்கள், ஒவ்வொன்றும் மதிப்பீடு. இந்தச் சுமையைக் குறைக்கத்தான் 1963-இல் ஷார்ப் ஒரு குறுக்குவழி சொன்னார். ஒவ்வொரு பங்கையும் மற்ற எல்லாப் பங்குகளோடும் ஒப்பிட வேண்டாம், சந்தைக் குறியீட்டோடு மட்டும் ஒப்பிட்டால் போதும். 1,325 என்பது 152 ஆகிவிடும். மாணவர்கள் பயந்து பயந்து படிக்கும் பீட்டா அங்கேதான் வருகிறது. சந்தை 1 சதவீதம் நகர்ந்தால் இந்தப் பங்கு சராசரியாக எவ்வளவு நகரும் என்பதுதான் பீட்டா. அதற்கு மேல் அதில் மர்மம் எதுவும் இல்லை. ஆனால் அதே பங்குக்கு 2 வருடத் தரவை எடுத்தால் ஒரு பீட்டா வரும், 5 வருடத் தரவை எடுத்தால் வேறொன்று வரும். நிஃப்டி 50-க்குப் பதிலாக நிஃப்டி 500-ஐ வைத்தால் மறுபடி மாறும். ‘பீட்டா 1.2’ என்று அச்சில் பார்க்கும்போது அது ரத்த வகை மாதிரி நிலையானது என்ற எண்ணம் மாணவர் மனதில் விழுந்துவிடுகிறது.

சராசரி வருமானத்தின் கதை இன்னும் மோசம். ஆண்டுக்கு 20 சதவீதம் ஆடும் ஒரு பங்குக்கு 25 வருடத் தரவு இருக்கிறது, சராசரி வருமானம் 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். புள்ளியியல் முதலாம் ஆண்டிலேயே படித்ததுதான்: சராசரியின் திட்டப்பிழை (அந்தச் சராசரி எவ்வளவு தவறியிருக்கலாம் என்பதன் அளவு), 20-ஐ 25-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது. அதாவது 4 சதவீதம். எனவே உண்மையான சராசரி 4-க்கும் 20-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்றுதான் 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல முடியும். 25 வருடம் காத்திருந்து கிடைத்த அறிவு இவ்வளவுதான். இந்தப் பிழையைப் பாதியாக்க 100 வருடத் தரவு வேண்டும், அதுவும் அந்தக் கம்பெனி 100 வருடமும் அதே கம்பெனியாக இருந்தால். புள்ளியியல் தாளில் திட்டப்பிழையைக் கரைத்துக் குடித்த மாணவர், அடுத்த அறையில் நிதித் தாள் எழுதும்போது 12 சதவீதத்தைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்கிறார். இரண்டு தாள்களுக்கும் நடுவே ஒரு கதவு வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

மார்கோவிட்ஸே தன் ஓய்வூதியப் பணத்தை எப்படிப் பிரித்தார் என்று கேட்டபோது, பங்கில் பாதி, கடன்பத்திரத்தில் பாதி என்று போட்டதாகச் சொன்னார். சந்தை ஏறும்போது உள்ளே இல்லையே என்றோ, இறங்கும்போது முழுவதும் மாட்டிக்கொண்டோமே என்றோ பின்னால் வருந்தக் கூடாது என்பதுதான் அவர் சொன்ன காரணம். இதை வகுப்பில் சொன்னால் மாணவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அந்த இடத்தில்தான். சூத்திரத்தைக் கண்டுபிடித்தவருக்கு அதற்குள் போகும் எண்களின் பலவீனம் எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கும்.

எண்கள் மங்கலாக இருப்பது ஒரு சிக்கல். அவை நமக்குத் தேவைப்படும் நாளில் மாறிவிடுவது அதைவிடப் பெரியது. 2020 மார்ச் 23 திங்கட்கிழமை. காலையிலேயே சந்தை 10 சதவீதம் விழுந்து, 45 நிமிடம் வர்த்தகம் நிறுத்தப்பட்டது. மறுபடி தொடங்கியதும் இன்னும் விழுந்தது. அன்று மட்டும் நிஃப்டிக்கு ஏறத்தாழ 13 சதவீத இழப்பு, 7,610-இல் முடிந்தது. வங்கி, மோட்டார், சிமென்ட் என்று துறை துறையாகப் பிரித்து வைத்திருந்தவர்களுக்கு அன்றைக்கு அந்தப் பிரிப்பால் பெரிய பயன் இல்லை, எல்லாம் ஒன்றாகவே இறங்கின. அந்த மாத நடுவில் சில நாட்கள் தங்கமும் இறங்கியது. கையில் ரொக்கம் வேண்டும் என்று தவிப்பவர்கள் நல்லது கெட்டது பார்ப்பதில்லை, விற்க முடிந்ததை விற்கிறார்கள். 0.3 என்று கேள்வித்தாள் கொடுத்த ஒட்டுறவு அப்படிப்பட்ட வாரங்களில் 0.8, 0.9 என்று ஏறிவிடும். முதல் கணக்குக்குத் திரும்பிப் போனால், 19.35 என்று நினைத்துப் படுத்தவர் 23-ஐ நெருங்கும் ரிஸ்க்கோடு கண் விழிக்கிறார். அதுவும் தனித்தனிப் பங்குகளின் ஆட்டம் கூடவில்லை என்று வைத்துக்கொண்டால். அந்த வாரங்களில் அதுவும் பல மடங்கு கூடியிருந்தது.

ரிஸ்க் மேலாண்மைத் தாளில் இன்னொரு கதாநாயகன் உண்டு, வேல்யூ அட் ரிஸ்க். ஜே.பி. மார்கன் வங்கி 1994-இல் தன் கணக்கு முறையை வெளியிட்ட பிறகு உலகமெங்கும் பரவியது. 10 லட்ச ரூபாய் போர்ட்ஃபோலியோ, தினசரி ஆட்டம் 1 சதவீதம் என்றால், 99 சதவீத நம்பிக்கையில் ஒரு நாள் நஷ்டம் 23,300 ரூபாயைத் தாண்டாது என்று அது சொல்லும். அமைதியான காலத்தில் நிஃப்டியின் தினசரி ஆட்டம் ஏறக்குறைய அந்த 1 சதவீதம்தான். மார்ச் 23 அன்று அதே 10 லட்சத்தில் போனது சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம். பெரிய ஆட்டங்கள் மிக மிக அரிது என்று கொள்ளும் மணிவடிவப் பரவலின்படி அப்படி ஒரு நாள் இந்தப் பிரபஞ்சத்தின் மொத்த வயதுக்குள் ஒரு முறைகூட வந்திருக்கக் கூடாது. ஆனால் 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் டோவ் ஜோன்ஸ் ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்திருக்கிறது. எனவே தவறு அந்த நாளில் இல்லை, மணியில்தான் இருக்கிறது. வேல்யூ அட் ரிஸ்க் 100-இல் 99 நாளுக்கு எல்லைக்கோடு போடுகிறது. மீதி ஒரு நாளில் கோட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளம் 10 அடியா 100 அடியா என்று அது சொல்வதே இல்லை. வங்கிகளுக்கான பாசல் குழு 2016-இல் வெளியிட்ட சந்தை ரிஸ்க் விதிகளில், கோட்டைத் தாண்டிய நாட்களின் சராசரி நஷ்டத்தை அளக்கும் முறைக்கு மாறியதற்குக் காரணம் இதுதான். நம் பாடத்திட்டங்கள் பலவற்றில் பழைய அளவுகோல் 10 மதிப்பெண் கேள்வி, புதியது கடைசி வரி.

எண்களை நம்பிக் கடன் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு லாங் டெர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மென்ட் என்ற அமெரிக்க நிதியத்தைவிட நல்ல பாடம் இல்லை. மைரன் ஷோல்ஸ், ராபர்ட் மெர்டன் இருவரும் அதில் பங்குதாரர்கள். 1997-இல் இருவருக்கும் நோபல் பரிசு. 1998 ஆகஸ்டில் ரஷ்யா தன் கடனைத் திருப்பித் தர முடியாது என்று அறிவித்ததும், ஒன்றோடொன்று சம்பந்தமில்லை என்று அவர்கள் கணக்குப் போட்டிருந்த பந்தயங்கள் எல்லாம் ஒரே திசையில் தோற்றன. செப்டம்பரில் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் ஏற்பாட்டில் 14 நிறுவனங்கள் சுமார் 360 கோடி டாலர் போட்டு அதைத் தாங்கிப் பிடித்தன. அவர்கள் அறிவில் குறை சொல்ல யாராலும் முடியாது. ஒட்டுறவு குறைவாகவே இருக்கும் என்ற நம்பிக்கையின் மேல் பெரிய கடனை ஏற்றிவைத்ததுதான் அவர்களைக் கவிழ்த்தது.

இன்னொரு ரிஸ்க் சூத்திரத்துக்குள்ளேயே வராது. 2020 ஏப்ரல் 23 அன்று ஃப்ராங்க்ளின் டெம்பிள்டன் மியூச்சுவல் ஃபண்ட் இந்தியாவில் தன் 6 கடன் திட்டங்களை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. போட்ட பணம் கடைசியில் திரும்பி வந்தது, ஆனால் தவணை தவணையாக, நீதிமன்றம் வரை போய், ஆண்டுக்கணக்கில். திட்டவிலக்கத்தை மட்டும் பார்த்தால் அவை அமைதியான திட்டங்கள். ஆனால் மகள் கல்லூரிக் கட்டணத்துக்கு ஜூன் மாதம் எடுக்கலாம் என்று அதில் வைத்திருந்தவருக்கு, அந்த ஜூனில் பணம் இல்லை என்பதுதான் ரிஸ்க். தேவைப்படும் தேதியில் கைக்கு வருமா என்ற கேள்வியை நம் அம்மாக்கள் சீட்டு சேரும்போதே கேட்கிறார்கள்: ஏலம் எடுத்தால் பணம் எந்தத் தேதியில் கைக்கு வரும்? பட்டமேற்படிப்பு வகுப்பில் அந்தக் கேள்விக்கு இன்னும் நல்ல இடம் கிடைக்கவில்லை.

இந்தக் குறைகளைச் சரிசெய்வதாக நினைத்துப் பல கல்லூரிகள் இப்போது பங்குச்சந்தைப் போட்டி நடத்துகின்றன. ஆளுக்கு 10 லட்சம் ரூபாய் விர்ச்சுவல் பணம், 30 நாள் அவகாசம், அதிக லாபம் காட்டியவருக்குக் கேடயம். நோக்கம் நல்லதுதான். ஆனால் விதியை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். 60 பேர் கலந்துகொள்ளும் போட்டியில் 10 பங்குகளில் ஒழுங்காகப் பிரித்துப் போட்டவர் நடுவில் எங்கேயாவது 25-ஆவது இடத்தில் இருப்பார். முதலிடம் வேண்டும் என்றால் ஒரே பங்கிலோ, விலை எந்தப் பக்கம் போகும் என்று கட்டும் ஆப்ஷன் ஒப்பந்தத்திலோ மொத்தத்தையும் போட வேண்டும். தோற்றால் எதுவும் போகாது, ஜெயித்தால் கேடயம். 60 பேரில் பாதிப் பேர் அப்படிச் செய்தால் யாராவது ஒருவருக்கு அடிக்கத்தான் செய்யும். அவரை மேடையேற்றிக் கைதட்டும்போது, போர்ட்ஃபோலியோ தாள் ஒரு வருடமாகச் சொன்னதற்கு நேர் எதிரான பாடத்தை அந்த அரங்கம் மொத்தமும் கற்றுக்கொள்கிறது. இதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையான 3 நிதியாண்டுகளில் பங்கு எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன் ஒப்பந்த) வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். செலவுகளையும் சேர்த்து ஒருவருக்குச் சராசரியாக 2 லட்சம் ரூபாய். மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். அந்தக் கூட்டத்தில் நேற்று கேடயம் வாங்கியவர்களும் இருப்பார்கள் என்ற நினைப்பு எனக்கு விலகுவதே இல்லை. போட்டி நடத்துங்கள், ஆனால் மதிப்பெண்ணை லாபத்துக்குத் தர வேண்டாம். ஒவ்வொரு வாங்கலுக்கும் முன்னால் எழுதிவைத்த காரணத்துக்கும், எவ்வளவு இறங்கினால் வெளியே வருவேன் என்று முன்கூட்டியே போட்ட வரம்புக்கும், அதை மதித்தாரா என்பதற்கும் கொடுங்கள்.

கொடுக்காத எண்ணைத் தேடுவதை எப்படிக் கற்பிப்பது? அதற்குப் பெரிய ஆய்வகம் எதுவும் வேண்டாம். தேசியப் பங்குச்சந்தையின் தளத்தில் பழைய விலைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. எக்செலில் ஒட்டுறவு காண ஒரே ஒரு ஃபார்முலா போதும். முதல் வாரத்திலேயே நல்ல நல்ல தவறுகள் வரும். ஒரு மாணவர் இரண்டு பங்குகளின் விலைகளை அப்படியே போட்டு 0.95 என்று விடை கொண்டுவருவார். இரண்டும் 5 வருடமாக ஏறிக்கொண்டிருந்தால் அப்படித்தான் வரும். விலைக்குப் போடக் கூடாது, மாதா மாதம் எத்தனை சதவீதம் மாறியது என்பதற்குப் போட வேண்டும். இன்னொருவர் தாளில் ஒரு நல்ல கம்பெனிப் பங்கு ஒரே நாளில் 50 சதவீதம் விழுந்திருக்கும். தேடிப் பார்த்தால் அன்று ஒன்றுக்கு ஒன்று போனஸ் பங்கு கொடுத்திருப்பார்கள். விலை பாதியானது, பங்கு இரட்டித்தது, யாருக்கும் நஷ்டமில்லை. இந்த இரண்டு தவறுகளையும் தன் கையால் செய்து திருத்தியவருக்கு ஒட்டுறவு என்பது அதன் பிறகு ஆளைத் தெரிந்த பெயராகிவிடும். அப்புறம் அதே ஜோடிக்கு 2017 முதல் 2019 வரை ஒரு தடவை, 2020-க்கு மட்டும் ஒரு தடவை போடச் சொன்னால் போதும். நான் மேலே சொன்னதெல்லாம் அவர்களுக்கே தெரிந்துவிடும்.

தங்கத்தையும் சேர்க்கச் சொல்வேன். 2008-இல் சென்செக்ஸ் பாதிக்கு மேல் விழுந்த அதே ஆண்டில் ரூபாய் மதிப்பில் தங்கம் ஏறியது, தாளில் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் வீட்டில் இருப்பது தங்கம் இல்லை, நகை. செய்கூலி, சேதாரம் கழித்துப் பார், விற்கப் போகும் கடையில் என்ன தருகிறார்கள் என்று கேட்டு எழுது என்பேன். பலர் தாளில் தங்கத்தின் வருமானம் அங்கேயே இறங்கிவிடும்.

போர்ட்ஃபோலியோ மேலாளர் ஆகப் போவது இந்த வகுப்பில் ஒன்றிரண்டு பேர்தான். பி.எம்.எஸ். எனப்படும் போர்ட்ஃபோலியோ மேலாண்மைச் சேவையில் பணம் போடவே செபி விதிப்படி குறைந்தது 50 லட்சம் வேண்டும். ஆனால் எல்லாருக்கும் ஒரு வீடு இருக்கிறது, அதற்கு ஒரு போர்ட்ஃபோலியோ இருக்கிறது. அதனால் செமஸ்டர் கடைசியில் சொந்த வீட்டின் கணக்கை எழுதிவரச் சொல்வது என் வழக்கம், ஊர் பெயர் தவிர வேறு அடையாளம் இல்லாமல்.

திருப்பூரிலிருந்து வந்த ஒரு மாணவி அந்தத் தாளைக் கொடுக்கும்போது, “சார், எங்க வீட்டுல நாலு வகையா பிரிச்சுத்தான் வச்சிருக்கோம்” என்றாள். அப்பா ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், அந்தச் சம்பளம் ஒன்று. மாடி போர்ஷன் வாடகை இரண்டு. அம்மா நடத்தும் சீட்டு மூன்று. அவள் பெயரில் வாங்கிய இரண்டு ஜவுளிக் கம்பெனிப் பங்குகள் நான்கு. தெரிந்த தொழில் என்பதால் வாங்கினார்களாம். ஒட்டுறவுப் பத்தியைக் காலியாக விட்டிருந்தாள். சம்பளத்துக்கும் வாடகைக்கும் எந்தத் தளத்தில் தரவு கிடைக்கும்?

வீட்டில் கேட்டு வா என்று அனுப்பினேன். அடுத்த வாரம் ஒரு பக்கம் எழுதி வந்தாள். 2020 ஊரடங்கில் அப்பாவுக்கு வேலை நின்ற அதே மாதம், மாடியில் இருந்த வேறொரு கம்பெனித் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். சீட்டில் 20 பேரில் 14 பேர் பனியன் கம்பெனிக்காரர்கள், எல்லாரும் பாக்கி. 2022-இல் நூல் விலை ஏறியபோது ஓவர்டைம் நின்றது, வாடகை இரண்டு மாதம் தாமதம், சீட்டு மறுபடி இழுத்தது, பங்கு இரண்டும் இறங்கின. நான்கு வகை என்று அவள் சொன்னது ஒரே நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. காலியாக இருந்த கட்டங்களில் பென்சிலால் 0.8 என்று எழுதி, பக்கத்தில் காரணமும் எழுதியிருந்தாள். தசம இடத்தைப் பற்றி யாரும் சண்டை போடலாம். ஆனால் அந்த வருடம் நான் திருத்திய தாள்களிலேயே உழைத்துக் கண்டுபிடித்த எண் அதுதான். 2025 ஆகஸ்ட் 27 முதல் திருப்பூர் பனியன் உட்பட இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா வரியை 50 சதவீதமாக ஏற்றியபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்ததும் அந்தப் பென்சில் எழுத்துதான்.

அவள் அதற்கு முன்பே ஜவுளிப் பங்குகளை விற்று, 6 மாதச் செலவுக்கான பணத்தை வங்கியில் தனியாக வைத்து, மீதியை, சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கிவைக்கும் குறியீட்டு ஃபண்டில் மாதா மாதம் போட ஏற்பாடு செய்திருந்தாள். தாளைத் தமிழில் மாற்றி எழுதி வீட்டில் படித்துக் காட்டினாளாம். அப்பா கடைசி வரை கேட்டுவிட்டு, பங்கைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. “அப்ப அடுத்த தடவை மாடிய, பனியன் கம்பெனில வேலை பாக்காத ஆளாப் பாத்து உடலாங்கறயா?” என்று கேட்டாராம்.